பள்ளி கேன்டீன் சாப்பாடு: பெற்றோர் குழு எதைப் பார்க்கணும், எப்படி அளக்கணும்? (பெங்களூரு)

ஹொரமாவு அம்மா:

வணக்கம். கிழக்கு பெங்களூருவில் ஒரு தனியார் பள்ளி. 1 முதல் 7ஆம் வகுப்பு வரை ஏறக்குறைய 600 பிள்ளைகள். எல்லாருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான், பணம் ஃபீஸோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். சமையல் பள்ளியில் நடப்பதில்லை. பீன்யா பக்கம் இருக்கும் கான்ட்ராக்டர் கிச்சனிலிருந்து வண்டியில் வருகிறது. வண்டி 10:15க்கு வந்துவிடும். சின்ன வகுப்புகளுக்கு 11:45, பெரிய வகுப்புகளுக்கு 12:45.

புகார் எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் பந்தியில்தான் வருகிறது. சாம்பார் தண்ணியாக இருக்கு, பீன்ஸ் பொரியல் கறுத்துப்போயிருக்கு, சப்பாத்தி இழுத்தாலும் பிய்யவில்லை, தயிர்சாதம் புளிக்கிறது. நிர்வாகத்திடம் கேட்டால் கான்ட்ராக்டரின் லைசென்ஸையும் ஒரு லேப் ரிப்போர்ட்டையும் காட்டுகிறார்கள். இந்த வருஷம் பெற்றோரிலிருந்து ஒரு உணவுக் குழு அமைத்திருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்க்கலாம், மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நிபந்தனைகளும் கொடுக்கலாம்.

குழுவில் யாருக்கும் இந்தத் தொழில் தெரியாது. போனால் எதைப் பார்க்கணும்? என்ன கருவி வேணும்? மெனுவை மாற்றச் சொல்லலாம் என்பதுதான் பலருடைய யோசனை. அது உதவுமா?

அண்டா மாஸ்டர்:

மேடம், மெனுவை அப்புறம் பார்க்கலாம். முதல்ல கடிகாரத்தைப் பாருங்க.

பீன்யாவிலிருந்து உங்க பக்கத்துக்குக் காலை டிராஃபிக்குல 10:15க்கு வண்டி வரணும்னா 8:45க்கு மேல கிளம்ப முடியாது. அப்போ 8 மணிக்கு எல்லாம் அடுப்பை விட்டு இறங்கியிருக்கணும். 12:45 பந்தியில உட்காரும் பிள்ளை சாப்பிடுறது கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆன சோறு. நீங்க சொன்ன புகார்ல சாம்பாரைத் தவிர மத்த எல்லாமே இந்த 5 மணி நேரத்துக்குள்ள வர்ற கோளாறு. மெனுவுல பீன்ஸுக்குப் பதிலா கோஸ் போட்டா கோஸ் கெட்டுப்போய் வரும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டிய கருவி ஒண்ணு: ஊசி மாதிரி குத்திப் பார்க்கிற டிஜிட்டல் புரோப் தெர்மாமீட்டர். நெத்திக்கு நேரே காட்டுற அகச்சிவப்பு மாடல் வேண்டாம். அது மேல்பரப்பை மட்டும்தான் அளக்கும், நடுவுல என்ன சூடுன்னு சொல்லாது. வாங்கினதும் சரிபாருங்க. நுணுக்கின ஐஸ் நிறையப் போட்ட தண்ணியில 0 காட்டணும். கொதிக்கிற தண்ணியில நம்ம ஊர்ல 100 காட்டாது, 97 பக்கம்தான் நிக்கும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, அதனால தண்ணி இங்கே சீக்கிரமே கொதிச்சிடும். இது தெரியாம கருவி ரிப்பேர்னு திருப்பிக் கொடுக்கிறவங்க இருக்காங்க. பருப்பு இங்கே திறந்த அண்டாவுல வேக நேரம் கூட எடுக்கிறதும் இதனாலதான்.

அளக்கும்போது சாம்பாரை அடி வரைக்கும் கலக்கிவிட்டு அளங்க. சாதத்துல பாத்திரத்தின் நடுவுல ஆழமா குத்துங்க, ஓரம் எப்பவுமே கம்மியாத்தான் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவுல ஊசியை ஸ்பிரிட் பஞ்சால துடைக்கணும். நேரத்தையும் கூடவே எழுதுங்க: வண்டி வந்தப்போ, முதல் பந்தி தொடங்கறப்போ, இரண்டாம் பந்தி தொடங்கறப்போ. சூடான சாப்பாடு பரிமாறுற வரைக்கும் 60 டிகிரிக்கு மேல இருக்கணும். கிச்சன்ல 80க்கு மேல அடைச்சு, நல்ல இன்சுலேட்டட் டப்பாவுல வச்சா, மூடியைத் திறக்காத வரைக்கும் இதைக் காப்பாத்த முடியும்.

எங்கே தப்பு நடக்கும்னா, முதல் பந்திக்குத் திறந்த அதே டப்பாதான் இரண்டாம் பந்திக்கும் போகுது. பாதி காலியான டப்பா நிறைஞ்ச டப்பாவைவிட ரொம்ப வேகமா ஆறும். அதனால ரெண்டு பந்திக்கும் தனித்தனி டப்பா அனுப்பச் சொல்லுங்க, 12:45க்கானதை அந்த நேரம் வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. அடைக்கிறதுக்கு முன்னால டப்பாவுல கொதிக்கிற தண்ணி ஊத்தி 10 நிமிஷம் மூடி வச்சுக் கொட்டணும். இதைப் பண்ணலைன்னா சாப்பாட்டுச் சூட்டை டப்பாவே குடிச்சிடும். செலவே இல்லாத வேலை, ஆனா அவசரத்துல முதல்ல விட்டுப்போறதும் இதுதான்.

எது தாங்கும், எது தாங்காது: பிசிபேளாபாத், சாம்பார் சாதம், கிச்சடி, ராஜ்மா, சன்னா, சாகு எல்லாம் சூட்டை நல்லாப் பிடிச்சுக்கும். பிசிபேளாபாத் மட்டும் நேரம் ஆக ஆக இறுகும், அதனால தளர்வாத்தான் அனுப்பணும். பள்ளியில தண்ணி சேர்க்கிறதா இருந்தா கொதிக்கிற தண்ணி மட்டும்தான், கேன் தண்ணி ஊத்தவே கூடாது. பூரி, தோசை, அப்பளம் தாங்காது. பச்சைப் பொரியலை மூடி வச்சா, காயிலிருக்கிற புளிப்பு ஆவியா வெளியே போக முடியாம பச்சை நிறத்தை மாத்திடும். உங்க பீன்ஸ் கறுக்கிறது அதனாலதான். சில கிச்சன்ல இதுக்குச் சமையல் சோடா போடுவாங்க. நிறம் நிக்கும், காய் குழைஞ்சு வழவழன்னு ஆயிடும், சத்தும் போயிடும். காய் திடீர்னு கிளிப்பச்சையா வந்தா சந்தோஷப்படாதீங்க. கேரட், பூசணி, பீட்ரூட், சுண்டல்னு மாத்திக்கிறதுதான் சரியான வழி. மெனு மாத்தம் உதவுறது இந்த இடத்துல மட்டும்தான்.

சப்பாத்தி: சுட்டதும் அடுக்கி மூடினா ஆவி தண்ணியாகி அடிச் சப்பாத்தி நனையும், அப்புறம் காய்ஞ்சு தோலாகும். 2 நிமிஷம் ஆவி போகவிட்டு, பருத்தித் துணியில சுத்தி, 20க்கு மேல ஒரே அடுக்கா வைக்காம அனுப்பணும். மாவு பிசையும்போது கொஞ்சம் எண்ணெயும் தயிரும் சேர்த்து அரை மணி நேரம் ஊறவிடணும். இவ்வளவு செஞ்சும் ரப்பரா வந்தா, கோதுமையோட மைதா கலந்திருக்கலாம்.

உணவு நுட்பம்:

மாஸ்டர் சொன்ன 60 டிகிரி ருசிக்காக மட்டும் இல்லை. 5க்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும்.

பள்ளிச் சாப்பாட்டில் அதிகம் கவனிக்க வேண்டியது சாதம். அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். ஆகவே "ஆறிப்போச்சு, அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக் கொடுத்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்த சாதத்தைக் கொட்டத்தான் வேண்டும். பெரிய அண்டாப் பருப்பு, குருமாவில் வருவது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ், மெதுவாக ஆறும் ஆழமான பாத்திரம்தான் அதற்குப் பிடித்த இடம். உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உரிக்கும்போது, உரிப்பவர் விரலில் சீழ்ப்புண் இருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் சேரும். இதன் நச்சும் சூட்டுக்கு அசையாது. விரலில் பிளாஸ்டர் போட்டவர் பரிமாறுகிறாரா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தயிர்சாதம் பற்றி. கேட்டரிங்கில் வழக்கமாகச் செய்வது: குழைந்த சாதத்தில் வெதுவெதுப்பான பால் நிறைய, தயிர் கொஞ்சம், மதியத்துக்குள் உறைந்துவிடும். 8 மணிக்குக் கலந்து 12:45க்குத் திறந்தால் புளிப்பது இயற்கை. புளிப்பைவிட எனக்குக் கவலை தருவது முதல் 2 மணி நேரம். தயிர் இன்னும் உறையாமல், புளிப்பும் ஏறாமல், சாதம் வெதுவெதுப்பாக இருக்கும் நேரம் அது. சாதத்தைச் சூடாகவும் தயிரை ஐஸ் பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழும் தனித்தனியாக அனுப்பி, பந்திக்குச் சற்று முன்பு கலப்பதே சரி. தாளிதம் தனி டப்பாவில் வரட்டும். பச்சைத் தேங்காய்ச் சட்னிக்கும் இதே பேச்சுதான், 5 மணி நேரம் தாங்காது. பொட்டுக்கடலைப் பொடியோ பருப்புப் பொடியோ கொடுக்கலாம்.

இனி காகிதங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்பது போதாது. அதில் உள்ள 14 இலக்க எண்ணை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபோஸ்காஸ் என்ற லைசென்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். முகவரி, சமைக்கும் அந்த பீன்யா கிச்சனின் முகவரிதானா? தொழில் வகை கேட்டரிங் என்று இருக்கிறதா? ஒவ்வொரு சமையல் இடத்துக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். ஆபீஸ் முகவரியில் எடுத்த ஒன்றைக் காட்டுவது நடக்கிறது. பள்ளிகளுக்கென்றே 2020இல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிமுறைகளின்படி, கான்ட்ராக்டருக்குச் செல்லுபடியாகும் பதிவோ லைசென்ஸோ இருப்பதைப் பள்ளி நிர்வாகம்தான் உறுதிசெய்ய வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது அவர்களுடைய கடமையைத்தான்.

லேப் ரிப்போர்ட்டில் மாதிரியை யார் எடுத்தது என்ற வரியைத் தேடுங்கள். வாடிக்கையாளரே கொண்டுவந்து கொடுத்த மாதிரி என்றிருந்தால், அந்த ஒரு கிண்ணம் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. மாதிரி பள்ளியில், இரண்டாம் பந்தியின்போது, லேப் ஆளே வந்து எடுத்ததாக இருக்க வேண்டும். தண்ணீர் ரிப்போர்ட்டைத் தனியாகக் கேளுங்கள், அதுவும் டேங்கர் தண்ணி வாங்கும் கிச்சன் என்றால் கட்டாயம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500படி, 100 மில்லியில் இ.கோலி (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது. டி.டி.எஸ். எண்ணை மட்டும் காட்டினால் அது உப்பின் அளவு, கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊழியர்களின் வருடாந்தர மருத்துவச் சான்று, டைபாய்டு தடுப்பூசி விவரம், 25 பேருக்கு ஒருவர் வீதம் ஃபோஸ்டாக் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி) முடித்த மேற்பார்வையாளர், இவை மூன்றும் இருக்க வேண்டும். பொரிக்கும் எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இதை அளக்க மீட்டர் உண்டு. மீட்டர் இல்லாதபோது, எண்ணெய் மேல் நுரை கட்டி அடங்காமல் நின்றாலோ, ஆறிய பிறகு விரலில் பிசுபிசுத்தாலோ மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டது.

தட்டுக்கணக்கு:

சாம்பார் தண்ணியாக இருப்பதை மாஸ்டர் விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். அது நேரக் கோளாறு இல்லை, எடைக் கோளாறு.

அரசுப் பள்ளிகளுக்கான பி.எம். போஷன் என்ற இலவச மதிய உணவுத் திட்டத்தில் ஒரு அளவு இருக்கிறது. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசியோ கோதுமையோ 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5. 6 முதல் 8 வரை 150, 30, 75, 7.5. எல்லாம் சமைக்காத எடை. இலக்கு சின்னவர்களுக்கு 450 கிலோ கலோரியும் 12 கிராம் புரதமும், பெரியவர்களுக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும். இது தனியார் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஃபீஸ் வாங்கும் பள்ளி, இலவசத் திட்டத்தைவிடக் குறைவாகப் பருப்புப் போடக் கூடாது என்று கேட்பதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது.

சின்ன வகுப்பில் 100 பேருக்கு 2 கிலோ பருப்பு. ஆளுக்கு 150 மில்லி சாம்பார் என்றால் 15 லிட்டர். லிட்டருக்கு 130 கிராம் பருப்புக்கு மேல் வருகிறது, கரண்டியில் நிற்கும் சாம்பார் அது. கிச்சனுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் காலை 6 மணிக்குப் போனால் பருப்பு மூட்டையைத் தராசில் வைக்கும்போதே பார்த்துவிடலாம். போக முடியாவிட்டால் பள்ளியிலேயே ஒரு கண்ணாடி டம்ளரில் சாம்பாரை ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீர் பாதிக்கு மேல் நின்றால் பருப்பு குறைவு. பிரியாமல், ஆறியதும் கூழாக நூல் இழுத்தால் அரிசி மாவோ கார்ன் ஃப்ளாரோ கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். அதைக் கெட்டிச் சாம்பார் என்று நினைத்துப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அதனால்தான் டம்ளர் சோதனை அவசியம்.

இன்னொன்று. 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சாதம். இரண்டாம் வகுப்புக் குழந்தை அவ்வளவு சாப்பிடாது, 60 கிராம் அரிசியோடு நின்றுவிடும். அப்போது புரதமும் 9 கிராம் பக்கம் இறங்கிவிடும். அதை ஈடுகட்ட ஒரு அவித்த முட்டை (6 கிராம்), அல்லது 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டல் (ஏறத்தாழ அதே அளவு), அல்லது 100 மில்லி தயிர் (3 கிராம்) தட்டில் இருக்க வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் அந்த இடத்தை நிரப்பக் கூடாது. உப்புதான் ஏறும்.

பிள்ளைகளுக்கு எது பிடிக்கவில்லை என்று கருத்துக் கேட்பதைவிட, மீந்ததை எடை போடுவது நல்லது. ஒரு வாரம் கை கழுவும் இடத்தில் சாதம், குழம்பு, காய் என்று தனித்தனி பக்கெட் வையுங்கள். கடைசியில் ஒவ்வொன்றையும் நிறுத்து, பரிமாறிய எடையால் வகுத்துவிடுங்கள். இரண்டு பந்திக்கும் தனியாகச் செய்யுங்கள். ஒரே காய் முதல் பந்தியில் கொஞ்சமாகவும் இரண்டாவதில் நிறையவும் கொட்டப்பட்டால், பிள்ளைகள் காய் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஹொரமாவு அம்மா:

மூவருக்கும் நன்றி. இது இவ்வளவு தெளிவாகும் என்று நினைக்கவில்லை. இன்னும் சில சந்தேகம். சூடு 60க்குக் கீழே இருந்தால் அன்றைக்குப் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள்? ஒப்பந்தத்தில் விலையை எப்படிப் பேசுவது, குறைந்த விலை சொன்னவருக்குத்தான் நிர்வாகம் கொடுக்கும். பள்ளியிலேயே சமையலறை கட்டிவிட்டால் எல்லாம் தீருமா? வாசலில் ஒரு பேக்கரி வேறு இருக்கிறது, பாதி பிள்ளைகள் அங்கே பஃப்ஸ் வாங்குகிறார்கள்.

அண்டா மாஸ்டர்:

நல்ல கேள்வி, எல்லாரும் மறக்கிற கேள்வி. திருப்பி அனுப்பணும்னா மாத்து இருக்கணும். அவல், பால் பவுடர், வெல்லம், வாழைப்பழம்னு ஏதாவது ஒரு ஏற்பாடு (பிஸ்கட் வேண்டாம்), 600 பேருக்கு ஒரு வேளைக்கானது பள்ளி ஸ்டோர்ல எப்பவும் இருக்கணும். செலவு கான்ட்ராக்டர் கணக்குல. மாத்து இல்லைன்னா எந்த ஹெச்.எம்.மும் சாப்பாட்டை நிறுத்தத் துணிய மாட்டாங்க, ஆறின சோறே பந்திக்குப் போகும்.

விலை: தட்டுக்கு இவ்வளவுன்னு மட்டும் டெண்டர் கேட்டா, குறைக்கிறவன் பருப்புலயும் எண்ணெய்லயும்தான் குறைப்பான். 100 பேருக்கு எத்தனை கிலோ அரிசி, பருப்பு, காய், எந்த எண்ணெய்னு மெனுவுல நாள்வாரியா எழுதி, அதுக்கு விலை கேளுங்க. அப்போ எல்லாரும் ஒரே சாப்பாட்டுக்கு விலை சொல்வாங்க. டெண்டர்லயே இதையும் சேருங்க: கடைசி டப்பா மூடினதிலிருந்து கடைசித் தட்டு வரைக்கும் 4 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. இந்த ஒரு வரி போட்டாலே ரெண்டு டிரிப் வண்டி விடணும், இல்ல உங்க பக்கத்துலயே கிச்சன் இருக்கிறவங்க வரணும். 60க்குக் கீழே வந்த ஐட்டத்துக்குக் காசு கிடையாது. கிச்சன் இடத்தை மாத்தினா முன்கூட்டி எழுத்துல சொல்லணும்.

பள்ளிக்குள்ள சமையலறை பற்றி: சமைச்சு அரை மணி நேரத்துல தட்டுக்கு வரும், ருசியில பெரிய வித்தியாசம் தெரியும். ஆனா கேஸ் சிலிண்டர் வைக்க வெளியே தனி அறை, தீயணைப்பு அனுமதி, புகைபோக்கி, எண்ணெய்த் தண்ணி நேரா சாக்கடைக்குப் போகாம கிரீஸ் டிராப், எலி புகாத ஸ்டோர், காய் கழுவ ஒரு தொட்டி பாத்திரம் கழுவ ஒரு தொட்டின்னு இடம் வேணும். வகுப்பறையைத் தட்டிச் செஞ்ச சமையலறை வெளிக் கிச்சனைவிட மோசமாப் போகும். நடுவழி ஒண்ணு இருக்கு: சாதமும் சாம்பாரும் வெளியேயிருந்து வரட்டும், பள்ளியில பெய்ன் மேரி (சூடான தண்ணித் தொட்டிக்குள்ள பாத்திரத்தை இறக்கி வைக்கிற கருவி) போட்டுச் சூட்டைப் பிடிச்சு வச்சு, தாளிப்பும் பொரியலும் மட்டும் அங்கேயே முடிக்கலாம். பெய்ன் மேரி ஆறினதைச் சூடாக்குற கருவி இல்லை, சூடா வந்ததைக் காப்பாத்துற கருவி. தண்ணியை முன்னாடியே சுட வச்சுட்டுத்தான் பாத்திரத்தை இறக்கணும்.

தட்டுக்கணக்கு:

பேக்கரிக்கு: அதே 2020 விதிமுறைகள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமான தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்கின்றன. பள்ளி எழுத்துமூலம் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குக் கொடுக்கலாம். ஆனால் பேக்கரியில் கூட்டம் கூடும் நேரத்தைக் கவனியுங்கள். 12:45 வரை காத்திருக்கும் பிள்ளைக்கு 10 மணிக்கே பசிக்கும். சின்ன இடைவேளையில் ஒரு பழமோ சுண்டலோ கொடுக்காமல் பஃப்ஸை மட்டும் தடுக்க முடியாது. பள்ளி சி.பி.எஸ்.இ. என்றால், 2025 மே மாதச் சுற்றறிக்கைப்படி சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்க வேண்டும். அது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உணவு நுட்பம்:

ஒன்று சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஐட்டத்திலிருந்தும் 200 கிராம், இரண்டாம் பந்திப் பாத்திரத்திலிருந்து எடுத்து, கொதிநீரில் போட்டெடுத்த மூடி போட்ட டப்பாவில், தேதி எழுதி, பள்ளி ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே 72 மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள். முதல் பந்திக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு ஆசிரியரும் முடிந்தால் ஒரு பெற்றோரும் சாப்பிட்டுப் பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் கையெழுத்திடட்டும். பிள்ளைகளுக்கு வாந்தி என்று வந்தால் முதலில் நடப்பது பாத்திரங்களைக் கழுவிவிடுவது. கழுவ விடாதீர்கள். யார் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வாந்தி என்று எழுதுங்கள், அந்த இடைவெளியே எந்தக் கிருமி என்று பாதி சொல்லிவிடும். டாக்டரிடம் காட்டிய பிறகு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் லைசென்ஸ் எண்ணோடு புகார் பதியலாம்.

ஹொரமாவு அம்மா:

தெர்மாமீட்டர் வாங்கி அளந்துவிட்டோம். ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் அடைத்த சாதம். திறக்காமல் வைத்த ஒரு டப்பா 12:45க்கு 66, இன்னொன்று 54. இரண்டும் ஒரே கம்பெனி டப்பா. என்ன காரணமாக இருக்கும்?

அண்டா மாஸ்டர்:

மூடியில இருக்கிற ரப்பர் கேஸ்கெட். ஒரு நோட்டுக் காகிதத்தைப் பட்டையா கிழிச்சு, பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிற மாதிரி வச்சு மூடி, கொக்கியைப் போட்டு இழுங்க. பிடிச்சுக்கிட்டா கேஸ்கெட் நல்லாருக்கு, வழுக்கிட்டு வந்தா போச்சு. நாலு பக்கமும் பார்க்கணும், ஒரு மூலையில மட்டும் வெடிச்சிருக்கும். கொக்கி தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். கேஸ்கெட் தனியா கிடைக்கும், டப்பாவையே மாத்தணும்னு அவங்க சொன்னா நம்பாதீங்க. 54ல இருந்த சாதத்தைப் பரிமாற விடலைதானே?